நேரடி இரண்டாம் ஆண்டு

எங்கள் வீட்டுக்குள் செகண்ட்ஸ் துணி நுழைந்ததே கிடையாது. திருப்பூரில் இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற வீடுகளில் பாதிப் பேர் உடம்பில் கிடப்பது செகண்ட்ஸ்தான். தையல் ஓரிடத்தில் விட்டிருக்கும், எண்ணெய்க் கறை பட்டிருக்கும், ஒரு கை இன்னொரு கையைவிட நீளமாக இருக்கும். ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிய அந்தப் பீஸ்களை எடை போட்டு விற்பார்கள். அத்தனை மலிவு. நாங்கள் மட்டும் தீபாவளிக்கு டவுனுக்குப் போய், கூட்டத்தில் மிதிபட்டு, முழு விலை கொடுத்து வாங்கி வருவோம். எல்லாம் அம்மாவின் பிடிவாதம்.

அம்மாவுக்குச் செக்கிங் வேலை. அப்பா ஒரு விபத்தில் போன பிறகு, குன்னத்தூர்ப் பக்கமிருந்து என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு முதலிபாளையம் வந்தாள். சேர்ந்த முதல் கம்பெனியிலேயே கடைசிவரை செக்கிங் டேபிளில் நின்றாள். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நின்றாள். அந்த வேலையில் உட்காருவது என்பதே கிடையாது. டியூப்லைட்டுக்குக் கீழே பீஸை விரிக்க வேண்டும், திருப்ப வேண்டும், தையலை இழுத்துப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர். பிரித்துத் தைத்தால் சரியாகும் என்றால் ஆல்டர். ஆகாது என்றால் செகண்ட்ஸ்.

“அதும்மேல நான்தான் ஸ்டிக்கர் ஒட்டுனேன். அதையவே கொண்டாந்து உங்களுக்கு மாட்டி உடுவனா?” என்பாள். “என்ற புள்ளைங்களுக்கு அந்தக் கதி வராது.”

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். கண்ணுக்கே தெரியாத ஓட்டைக்கு இத்தனை வீம்பா என்று கேட்டிருக்கிறேன். “உன்ற கண்ணுக்குத் தெரியாது” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

நான் பத்தாவதோடு நின்று ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். பிறகு தனித்தேர்வு எழுதிப் ப்ளஸ் டூ முடித்து, தபால் வழியில் தத்தித் தத்தி ஒரு பி.ஏ.வும் வாங்கி, அதே ஊரில் இன்னொரு கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு மாறினேன். அதனால் எங்கள் வீட்டில் கல்லூரி என்ற கட்டடத்துக்குள் நிஜமாகவே கால் வைக்கப்போகிறவள் என்றால் அது தங்கைதான் என்று அம்மாவும் நானும் என்றைக்கோ முடிவு செய்திருந்தோம். மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் இருவரும் கீரியும் பாம்பும். இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி.

தங்கை பத்தாவதில் எடுத்த மார்க்குக்கு சயின்ஸ் குரூப் கிடைக்கவில்லை. அரசுப் பள்ளியில் தொழிற்பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். ஜவுளித் தொழில்நுட்பம் என்று அதற்குப் பெயர். எங்கள் லைன் வீட்டில் ஒருத்திகூட அதை மரியாதையாகக் கேட்கவில்லை. “தையல் கிளாசா? அதுக்கு எதுக்கு ஸ்கூலு, கம்பெனிக்கு அனுப்புனா சம்பளமாச்சும் வரும்” என்று குழாயடியில் வைத்தே சொன்னார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, நன்றாகக் கேட்டுவிட்டேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. அன்றைக்கே அந்தப் பேச்சு அவள் மனதில் தைத்துவிட்டது. எனக்குத்தான் அது பிடிபடவில்லை.

தங்கைக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. நூல் எண் என்றால் என்ன, பின்னல் எப்படி விழுகிறது, சாயம் எதனால் மங்குகிறது என்று சாப்பிடும்போதுகூடப் பேசுவாள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். ரிசல்ட் வந்த மறுநாள் அவளுடைய டீச்சர் என்னைப் பள்ளிக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார். தொழிற்பிரிவில் இதே பாடத்தைப் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு படிக்க வேண்டியதில்லை. இங்கே படித்ததையே அங்கே ஒரு வருஷப் படிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வருஷ டிப்ளமோ இரண்டே வருஷத்தில் முடிந்துவிடும். பிறகு விருப்பம் இருந்தால் அந்த டிப்ளமோவை வைத்து இன்ஜினியரிங் கல்லூரியிலும் இதே மாதிரி நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

கேட்கக் கேட்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தையல் கிளாஸ் என்று சொன்னவர்கள் மூஞ்சியை எல்லாம் நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் மிச்சம்! எங்களை மாதிரி வீட்டில் ஒரு வருஷம் என்றால் சும்மாவா?

அம்மா வேலை முடிந்து வந்து, கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

“என்ன சொன்னே? மறுக்காச் சொல்லு.”

“டைரக்ட் செகண்டும்மா. ஃபர்ஸ்ட் இயரே வேண்டாம். நேரா செகண்டுலயே சேத்திக்குவாங்க.”

“செகண்டுலயா?”

“ஆமா.”

“எதுக்கு? ஃபர்ஸ்ட்ல சேத்த மாட்டாங்களாமா?”

“அது தேவையில்லைங்கறாங்கம்மா.”

“தேவையில்லைன்னு யாரு சொல்றது, அவங்களா?” என்றாள். “ஏன் அம்மிணி, ஃபர்ஸ்ட்ல கழிச்சதத்தான் செகண்டுல போடுவாங்க. இது எனக்குத் தெரியாதா? நித்தம் அதத்தானே பண்ணீட்டிருக்கேன்.”

நான் சிரித்துவிட்டேன். தங்கையும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. இரண்டாம் ஆண்டு என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் முதல் ஸ்டாப்பில் ஏறாமல் அடுத்த ஸ்டாப்பில் ஏறுவது போல என்று சொல்லிப் பார்த்தேன். “அதான், மொத ஸ்டாப்புல ஏத்தாம உட்டுட்டுப் போயிட்டான்” என்றாள். என்னத்தைச் சொல்ல! தலையால் தண்ணீர் குடித்தும் அவள் காதில் ஏறவில்லை. டீச்சரே போனில் பேசினார். “சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனை என் கையில் கொடுத்து, “அவங்க ஸ்கூல்ல படிச்ச புள்ளய அவங்க உட்டுக் குடுப்பாங்களா, நல்லதாத்தான் சொல்லுவாங்க” என்றாள்.

இருந்தாலும் சேர்க்கை நாளன்று எங்களோடு புறப்பட்டு வந்தாள். நேரில் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று நம்பினேன். பாலிடெக்னிக் வராந்தாவில் ஒரே நெரிசல். எந்த வரிசை எதற்கு என்று தெரியாமல் எல்லாரும் முண்டிக்கொண்டு நின்றார்கள். ஆபீஸிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். பாவம், காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது அவருக்கு.

“ஃபர்ஸ்ட் எல்லாம் இப்பிடியே நில்லுங்க” என்றார். “செகண்டெல்லாம் தனியா அக்கட்டாலப் போயிருங்க, கலந்து நிக்காதீங்க.”

நான் தங்கையைப் பிடித்து அந்தப் பக்கத்து வரிசையில் நிறுத்தினேன். அவளுக்கு முன்னால் அனுப்பர்பாளையத்திலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள். அவளும் தொழிற்பிரிவுதான். இரண்டு பேரும் அதற்குள் பேச்சுக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. அவர் சொன்னது அவள் கம்பெனியில் ஷிப்மென்ட் சமயத்தில் சூப்பர்வைசர் தினமும் போடுகிற அதே சத்தம். ஃபர்ஸ்ட் தனியாப் போடு, செகண்ட்ஸ் தனியாப் போடு, கலக்காதே. எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அம்மா விறுவிறுவென்று வந்து தங்கையின் கையைப் பிடித்து இழுத்து, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் நின்ற முதலாம் ஆண்டு வரிசையில் கடைசி ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“அம்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்றேன்.

“பாக்கட்டும். என்ற புள்ளயில என்ன டேமேஜு இருக்குதுன்னு நல்லாப் பாக்கட்டும்.”

ஜன்னலில் இருந்த அந்த ஆபீஸ்காரர் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நல்ல மனதோடுதான் சொன்னார். “ஏனுங்கம்மா, ப்ளஸ் டூ முடிச்ச புள்ளைங்க. பத்தாவது மார்க்க வெச்சு ஃபர்ஸ்ட் இயர் போட்டா ஒரு வருசம் வீணாப் போகுமுங்க.”

“போகட்டுங்க. மொதல்ல இருந்தே படிக்கட்டுமுங்க.”

“நீ என்னம்மா சொல்றே?” என்று அவர் தங்கையைக் கேட்டார். தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா இன்னும் அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள். “ஃபர்ஸ்ட் இயரே போட்டுக்குங்க சார்” என்றாள் தங்கை.

எனக்கு வந்ததே கோபம்! பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லையே என்று இருந்தது. அவளோ அடுத்த நாள் டேபிளில் இருந்த எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்து, “சின்னது ஃபர்ஸ்ட் இயர் சேந்திருச்சுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு நாள் அந்தச் சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் சண்டை போடவும் மனம் வரவில்லை.

முதல் வருஷம் முழுக்கத் தங்கை தெரிந்ததையே திரும்பப் படித்தாள். வகுப்பில் எல்லாருக்கும் அவள்தான் அக்கா. அவளோடு வரிசையில் நின்ற அனுப்பர்பாளையத்துக்காரி, அதே வயதுக்காரி, அவளுக்கு ஒரு வருஷம் சீனியராகிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். “உன்னய சீனியர்னு கூப்பிடோணுமாடி?” என்று தங்கை அவளைக் கிண்டல் செய்வாள். ஒரு தடவைகூட அம்மாவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கும் சேர்த்து நானே வயிறெரிந்தேன்.

இரண்டாம் வருஷம் பொங்கல் முடிந்ததும் அம்மாவுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. டேபிளில் நின்று நின்று வருகிற வலி என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு மாத்திரை போட்டாள். மிஞ்சிப்போன பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். கர்ப்பப்பையில் கட்டி, நல்ல கட்டி இல்லை, பரவிவிட்டது என்றார்கள். தங்கை படிப்பை நிறுத்திவிட்டுக் கூட இருக்கிறேன் என்றாள். அம்மா மருந்து ஏறுகிற கையோடு எழுந்து உட்கார்ந்து, “படிப்ப நிறுத்துனீன்னா நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன்” என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் ஒருநாள் அனுப்பர்பாளையத்துக்காரி வீட்டுக்கு வந்தாள். கையில் இனிப்பு. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையில் முடி எல்லாம் போய்த் துண்டு கட்டியிருந்தாள்.

“டிப்ளமோ முடிச்சுட்டனுங்கம்மா” என்று அந்தப் பெண் இனிப்பை நீட்டினாள். “மில்லுல லேப் வேலையும் கெடச்சிருச்சுங்க. அடுத்த மாசம் சேரோணும்.”

“அதுக்குள்ளயா கண்ணு? நீ என்ற புள்ளகூடத்தானே அன்னிக்கு வரிசையில நின்னே?”

“நான் டைரக்ட் செகண்டுங்கம்மா.”

அம்மா அவளைக் கிட்டே வரச்சொன்னாள். தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள். டேபிளில் பீஸ் பார்க்கிற அதே பார்வை. பிறகு மெல்லக் கேட்டாள்.

“உன்ற சர்டிபிகேட்டுல அப்பிடித்தான் போட்டுக் குடுப்பாங்களா சாமி?”

“என்னன்னுங்க?”

“செகண்டுன்னு.”

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. “இல்லீங்கம்மா, எல்லாத்துக்கும் ஒரே டிப்ளமோதானுங்க. யாரு எப்பச் சேந்தாங்கன்னு ஆரும் கேக்க மாட்டாங்க. ப்ளஸ் டூவுல நாங்க நல்லாப் படிச்சதுனாலதானுங்க அந்த ஒரு வருசத்தக் கழிச்சே உட்டாங்க” என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் டீச்சரும் சேர்ந்து சொல்லி ஏறாத விஷயம், அந்தப் பெண் சொன்னதும் ஏறிவிட்டது. அம்மா அவள் கன்னத்தைத் தடவி, “நல்லா இரு கண்ணு” என்று சொல்லி, இனிப்பை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதெல்லாம் அவளுக்கு எதுவும் இறங்காது. அதை மட்டும் விழுங்கினாள்.

அந்தப் பெண் படியிறங்கியதுதான் தாமதம், அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். “பாவி, நான்தான் சாமி உன்ற ஒரு வருசத்தத் தின்னுபோட்டேன். படிச்சவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, கேட்டனா? இந்நேரம் நீயும் சம்பளக்காரி ஆயிருப்பியே” என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் போகலம்மா, மொதல்ல இருந்து படிச்சதுனாலதான் நல்லாப் புரியுது” என்றாள். அது பச்சைப் பொய். அம்மாவுக்கும் தெரியும். நான் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். இத்தனை நாள் இந்த வார்த்தையை அம்மா வாயால் கேட்க வேண்டும் என்று தவம் கிடந்தவள் நான். கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஏப்ரல் பைத்தியம் பிடித்துவிட்டது. தங்கைக்குக் கடைசிப் பரீட்சை அடுத்த ஏப்ரலில். வேளாவேளைக்கு மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டாள். குமட்டினாலும் கஞ்சியை உள்ளே தள்ளினாள். கோயமுத்தூரில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயசு, தன்மையான பெண். மார்கழியில் ஒருநாள் அவரிடம் அம்மா நேராகவே கேட்டாள்.

“ஏனுங்க டாக்டரம்மா, ஏப்ரல் வரைக்கும் இழுத்துப் புடிச்சு உட்டுருவீங்களா?”

“ஏம்மா, ஏப்ரல்ல என்ன? கல்யாணமா?”

“என்ற சின்னப் புள்ளைக்குப் பரிச்சைங்க. முடிச்சுப்போட்டான்னு கேட்டுட்டாப் போதும். அதுக்கப்பறம் உங்களத் தொந்தரவு பண்ணமாட்டனுங்க.”

டாக்டரம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். “நல்லாச் சாப்பிடுங்க, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாசியில் அம்மா போய்விட்டாள்.

தங்கை பரீட்சைக்குப் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், அம்மா மேல் சத்தியம் என்றேன். கடைசியில் நானே லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்படித்தான். அவள் வெளியே வருவாள், நன்றாக எழுதினேன் என்பாள், இருவரும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வோம்.

ரிசல்ட் வந்த அன்று நான் ஆபீஸில் இருந்தேன். போன் அடித்தது. “அக்கா, பாஸ். எல்லாத்துலயும் பாஸ்” என்றாள் தங்கை. இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

தங்கைக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனது உண்மைதான். போகட்டும், இருபது வயதில் ஒரு வருஷம் பெரிதில்லை, சம்பாதித்துக்கொள்வாள். உன் வருஷத்தைத் தின்றுவிட்டேன் என்று அழுது அழுதே அம்மா போய்ச் சேர்ந்தாள். அவள் பறிகொடுத்தது தன்னுடைய வருஷத்தை. அன்றைக்கு அந்த இன்னொரு வரிசையில் விட்டிருந்தால் இந்தப் போன் போன வருஷம் இதே மாதம் வந்திருக்கும். போன வருஷம் இதே மாதம் அம்மா இருந்தாள்.